மேலே வைத்த சான்றிதழ்

பிள்ளைகளே, மூத்தவள் இத்தாலியில் ஒரு மாதம், நான்கு கிழமை, கோடை வகுப்பு முடித்துவிட்டு வந்து, அந்தச் சான்றிதழை என் கையில் தந்தாள். நான் அதை ஒரு முறை பார்த்துவிட்டு மேசை லாச்சியின் அடியில், மற்றக் கடதாசிகளுக்கும் கீழே வைத்தேன். "அப்பாவுக்குப் பெருமையே இல்லை" என்று அவள் அம்மாவிடம் சொன்னது சமையலறையிலிருந்து எனக்குக் கேட்டது. பெருமை இல்லாமல் இல்லை. அதை ஏன் அடியில் வைத்தேன் என்று வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஜெர்மனிக்கு வந்து இரண்டாவது வருடம். ஒரு சிறிய பல்கலைக்கழக நகரத்தில், அகதிகள் விடுதியில், ஓர் அறைக்கு நான்கு கட்டில். என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் போய்க்கொண்டிருந்தவர், இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டுவிட்டு ஓடிவந்தவர். எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, படிக்க அனுமதி இல்லை, மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. நகரசபை சொல்கிற இடத்தைக் கூட்டித் துடைக்கலாம், அவ்வளவுதான். எனக்குப் பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றைக் கூட்டும் வேலை கிடைத்தது. கோடையில் அங்கே ஜெர்மன் மாணவர்கள் இருக்கமாட்டார்கள். பதிலுக்கு அமெரிக்காவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பிள்ளைகள் ஜெர்மன் மொழி படிக்க நான்கு கிழமைக்கு வந்து இறங்குவார்கள். இதை நான் விடுதியில் ஒரு கதையாகத்தான் சொன்னேன். அண்ணை அடுத்த நாளே சேர்ட்டை இஸ்திரிப்பெட்டியால் அழுத்திப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். வகுப்பு நடத்திய ஆசிரியை வயதான பெண். வர இருந்த ஒரு பிள்ளை வரவில்லை, கதிரை சும்மா கிடக்கிறது, இருங்கள் என்றுவிட்டார்.

அந்த நான்கு கிழமையும் அண்ணை நடந்த நடையே வேறு. அவர் மாலையில் விடுதிக்குள் வரும்போது எங்கள் அறையில் ஒருவன், "பிரபெசர் வாறார், பருப்பை இறக்குங்கோடா" என்பான். அவரும் சிரிப்பார். சனிக்கிழமைகளில் வகுப்புப் பிள்ளைகளை ரைன் நதி, கோட்டை என்று பஸ்ஸில் கூட்டிப்போவார்கள். அண்ணைக்கு எல்லை தாண்ட ஏலாது. அகதி என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல மனமில்லாமல் ஒவ்வொரு முறையும் வயிற்றுக்குத்து என்று சொல்லியிருக்கிறார். மூன்றாம் முறை ஒரு இத்தாலியப் பெட்டை வயிற்றுக்கு நல்லது என்று ஒரு பெட்டி மூலிகைத் தேயிலை கொண்டுவந்து கொடுத்தாள். அது முடியும்வரை நாங்கள் நால்வரும் குடித்தோம். பரீட்சையும் எழுதினார், சித்தியடைந்தார். ஆசிரியை அவருக்கும் மற்றவர்களுக்குக் கொடுத்தது போலவே முத்திரை குத்திய சான்றிதழ் கொடுத்தார். அகதியாக ஏற்றுக்கொண்டால் இதைக் கொண்டுபோய்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்று அண்ணை அன்றிலிருந்து நம்பத் தொடங்கினார்.

இலையுதிர் காலத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் அகதி விசாரணை வந்தது. நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறதல்லவா, எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் சான்றிதழ்களை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு போவது. படித்தவன், குடும்பத்துப் பிள்ளை என்று தெரிந்தால் மதிப்பார்கள் என்று ஒரு நினைப்பு. விசாரணைக்கு முதல் நாள் அண்ணை கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பி வைத்தார். பிறப்புப் பத்திரம், சோதனைப் பெறுபேறுகள், அதிபர் கொடுத்த நற்சான்று, பல்கலைக்கழக அனுமதிக் கடிதம். கோடை வகுப்புச் சான்றிதழை எங்கே வைப்பது என்று யோசித்தார். நான்தான் சொன்னேன்.

"அதை மேல வையுங்கோ அண்ணை. அவங்கட பாஷையில அவங்களே தந்தது. திறந்த உடன அதுதான் தெரியவேணும்."

"ஓம் தம்பி, அதுதான் சரி" என்று மேலே வைத்தார்.

விசாரணையில் முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். என்னிடம் காட்ட ஒரு கடதாசியும் இல்லை. ஆமி வந்ததை, கடையை எரித்ததை, என் தம்பியைக் கொண்டுபோனதை, நடந்தபடி சொன்னேன். வேறு சொல்ல எனக்கு என்ன இருந்தது? அண்ணை உள்ளே போய் இரண்டு மணித்தியாலம் இருந்தார். வெளியே வரும்போது முகம் மலர்ந்திருந்தது. அதிகாரி நல்ல மனிதன் என்றார். ஃபைலைத் திறந்ததுமே சான்றிதழை எடுத்துப் பார்த்து, இவ்வளவு கெதியாகப் படித்தீர்களா, இங்கே என்ன படிக்க விருப்பம் என்று ஆசையாகக் கேட்டாராம். மொழிபெயர்ப்பாளர் தேவையில்லாமல் அண்ணையே ஜெர்மனில் பதில் சொல்லியிருக்கிறார். ஊரில் ஆமி முகாமில் பதினொரு நாள் அடைத்து வைத்திருந்ததைச் சொன்னீர்களா என்று நான் கேட்டேன். அவருடைய முதுகில் இருந்த தழும்புகளை அறையில் நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

"சொன்னனான். கனக்கச் சொல்லேல்லை. பிறத்தியாருக்கு முன்னால சேர்ட்டைக் கழட்டிக் காட்டுறதே? வெக்கமாக் கிடந்தது."

மாசி மாதத்தில் இரண்டு கடிதங்களும் வந்தன. என்னை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அண்ணைக்கு நிராகரிப்பு. அவர் தன் கடிதத்தைத் தானே வாசித்தார். விண்ணப்பதாரர் உயர்கல்வி பெறும் நோக்கத்துடனேயே ஜெர்மனிக்கு வந்துள்ளார் என்று அவரே கொடுத்த பத்திரங்களிலிருந்தும் விளக்கங்களிலிருந்தும் தெரிகிறது என்று அதில் இருந்தது. வாசித்து எங்களுக்குத் தமிழில் சொல்லிவிட்டு, மடித்து உறைக்குள் வைத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். மேலே வைக்கச் சொன்னவன் நான்.

"விடு தம்பி" என்றார். "பொய் சொல்லிப் பிடிபட்டிருந்தாலும் பரவாயில்லை. படிக்கவேணும் எண்டது உண்மைதானே."

மேல்முறையீட்டுக்கு ஒரு வழக்கறிஞரைப் பிடித்தோம். அந்த மனிதர் ஃபைலைப் பார்த்துவிட்டு, விசாரணையில் சொல்லாததை இப்போது சொன்னால் நம்பமாட்டார்கள் என்றார். சித்திரையில் ஒரு காலை நான் வேலைக்குப் போகும்போது அண்ணை கட்டிலைச் சரிசெய்துகொண்டிருந்தார். பின்னேரம் வந்தபோது கட்டிலில் விரிப்பு மட்டும் மடித்துக் கிடந்தது. பிரான்ஸ் என்றான் ஒருவன், கனடா என்றான் இன்னொருவன். டோர்ட்மண்டிலும் வுப்பர்டாலிலும் ஊர் ஆட்களைக் காணும்போதெல்லாம் பல வருடம் விசாரித்தேன். அவரைக் கண்டவர் இல்லை. எனக்குக் கிடைத்த அந்தக் கடிதத்தால்தான் உங்கள் அம்மா இங்கே வந்தாள், நீங்கள் இங்கே பிறந்தீர்கள். நான் கெட்டிக்காரன் என்பதால் அது கிடைக்கவில்லை. காட்ட என்னிடம் ஒன்றும் இல்லாததால் கிடைத்தது. இதை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அந்த வைகாசியில், புதுக் கோடை வகுப்பு அறிவித்தல்கள் வரப்போகின்றன, விளம்பரப் பலகையில் இருக்கிற பழையதை எல்லாம் கழற்றிவிடு என்று கட்டடப் பொறுப்பாளர் என்னிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அறை வாடகை, பழைய சைக்கிள் விற்பனை, இசைக் கச்சேரி என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் குப்பைப் பையில் போட்டேன். எல்லாவற்றுக்கும் அடியில், போன வருடம் சித்தியடைந்தவர்களின் பட்டியல் இருந்தது. வெயிலில் மஞ்சளாகி, ஒரே ஓர் ஊசியில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவதாக அண்ணையின் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல். நடைபாதையில் ஒருவரும் இல்லை. நான் கழற்றி வைத்திருந்த ஊசிகளில் நல்லதாக மூன்று தெரிந்தெடுத்து, அந்தத் தாளைக் கையால் நீவி நிமிர்த்தி, மற்ற மூன்று மூலைகளிலும் குத்தினேன்.