அன்புச்செல்வனின் பென்டிரைவ்

2013 வாக்கில் நெய்வேலி டவுன்ஷிப்பில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் கம்பெனிக்குப் போன் போடும் பழக்கம் யாருக்கும் கிடையாது. அன்புச்செல்வனைத்தான் கூப்பிடுவோம். வேலை முடிந்ததும் சைக்கிளில் வருவான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து நீல நிறப் பென்டிரைவை எடுத்துச் செருகுவான். ஆன்டிவைரஸ், தமிழ் எழுத்து, பிள்ளைகளுக்கு விளையாட்டு, பக்திப் பாட்டு எல்லாம் அதில்தான் இருக்கும். வந்த வீட்டில் புதுப் பாட்டு ஏதாவது கிடைத்தால் அதையும் ஏற்றிக்கொண்டு அடுத்த பிளாக்குக்குப் போய்விடுவான். ஒரே ஊசியை ஊருக்கெல்லாம் போடுகிற வைத்தியரிடம் நாங்கள் சந்தோஷமாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தோம். இதில் படித்தவர்கள் ஊர் என்ற பெருமை வேறு எங்களுக்கு.

பகலில் அவனுக்கு வேலை ஓர் ஒப்பந்தக்காரரின் சுரங்க ஆபீசில். கம்ப்யூட்டர் ஆபரேட்டர், ஆனால் அவனும் கான்ட்ராக்ட் ஆள்தான். கம்மாபுரம் பக்கம் அவன் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். அந்த நிலம் சுரங்கத்துக்குப் போனபோது நிலத்துக்காரருக்கு நஷ்டஈடு வந்தது, கூலிக்காரருக்கு ஒன்றும் வரவில்லை. மகன் குறிஞ்சிப்பாடியில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, பல பேர் காலில் விழாத குறையாகக் கேட்டு இந்த வேலைக்கு வந்தான். அவனுடைய கேட் பாஸை அவன் மனைவி தமிழ்மொழி தினமும் சாமி படத்தின் ஆணியில்தான் மாட்டுவாள். இந்தக் கதையை எனக்குச் சொன்னதும் அவள்தான்.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மாதா மாதம் கேட் பாஸ் புதுப்பிக்க வேண்டும். போட்டோவும் விவரமும் அவன் உட்காரும் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தன. அன்புச்செல்வன் அச்சடிப்பான், சூப்பர்வைசர் சண்முகசுந்தரம் கையெழுத்துப் போடுவார். பாஸ் இல்லாதவனை முதல் தேதி காலையில் கேட்டில் நிறுத்திவிடுவார்கள். அது எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

பங்குனி உத்திரம் நெருங்கிய சமயம். பிளாக் பிளாக்காகக் காவடிப் பாட்டு ஏற்றிக் கொடுத்து நீலப் பென்டிரைவ் ஓய்ந்துபோயிருந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் காலாவதியாகிக் கிடந்தது. வெளிப் பென்டிரைவ் போடக்கூடாது என்று மானிட்டரின் நெற்றியிலேயே சூப்பர்வைசர் எழுதி ஒட்டியிருந்தார். நல்லதுக்குத்தானே என்று நினைத்து, அவர் வருவதற்கு முன்னால் பென்டிரைவைச் செருகி, அதிலிருந்த ஆன்டிவைரஸ் ஃபோல்டரை அன்புச்செல்வன் திறந்தான். திறந்தது வைரஸ்.

அந்த வைரஸ் கெட்டிக்காரத்தனமானது. பென்டிரைவில் இருக்கும் நிஜ ஃபோல்டர்களை ஒளித்து வைத்துவிட்டு, அதே பெயரில் சின்ன அம்புக்குறி போட்ட போலிகளை நிறுத்திவிடும். போலியை அழுத்தினால் வைரஸும் ஓடும், நிஜ ஃபோல்டரும் திறக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. அதற்குள் அது கம்ப்யூட்டரில் குடியேறி, அடுத்து எந்தப் பென்டிரைவ் வந்தாலும் அதிலும் தொற்றிக்கொள்ளும்.

மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டான். கம்ப்யூட்டரில் இருந்த பாஸ் ஃபோல்டர்களையும் அது ஒளித்திருந்தது, எல்லாவற்றிலும் அம்புக்குறி. ஒன்றை அழுத்தினான், பென்டிரைவில் திறந்தது போல இங்கே நிஜம் திறக்கவில்லை. இன்னொன்றை அழுத்தினான், அதுவும் திறக்கவில்லை. அத்தனை பேருடைய முகமும் போய்விட்டது. முதல் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் இருந்த பென்டிரைவ் நெஞ்சைச் சுட்டது. கக்கூசுக்குப் போய் அதை சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு திரும்பி வந்தான்.

சண்முகசுந்தரம் வந்து பார்த்தார். அவர் கண் மானிட்டரில் நிற்கவில்லை, கீழே போனது. சிபியூவிலிருந்து ஒரு ஒயர் தொங்கியது, ஒயரின் முனையில் ஒரு பழைய போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. சுரங்கத்துக்குள் பிளக் பாயின்ட் தேடி அலைய முடியாது. அதனால் ஆட்கள் உள்ளே இறங்கும் முன் இந்தக் கம்ப்யூட்டரில் போனைச் செருகிவிட்டுப் போவார்கள். அன்று செருகியிருந்தது வளவன். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை அள்ளுகிறவர், நாற்பதைத் தாண்டியவர்.

"இது யாரு போனு?"

"வளவன் அண்ணனோடது சார்."

"அப்ப இதுலேருந்துதான் வந்திருக்கு. கண்ட படத்தையும் போன்ல ஏத்திட்டு வந்து இங்க செருகுறானுவ."

இல்லை சார் என்று சொல்ல வாயைத் திறந்தான். தமிழ்மொழியின் முகம், எல்.கே.ஜி. போகும் மகள், ஆணியில் தொங்கும் பாஸ் எல்லாம் கண் முன் வந்தன. திறந்த வாயை மூடிக்கொண்டான்.

முதலில் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினான், மற்ற கம்ப்யூட்டர்களுக்குத் தொற்றக்கூடாது என்று. பின்னால் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த வைரஸை டாஸ்க் மேனேஜரில் தேடிப் பிடித்து நிறுத்தினான். நிறுத்தாமல் அழித்தால் மறுபடி முளைத்துவிடும். கம்ப்யூட்டர் போட்டதும் தானாகத் தொடங்கும் பட்டியலிலிருந்து அதை எடுத்தான், பிறகு அதன் கோப்பை அழித்தான், போலி ஃபோல்டர்களையும் அழித்தான். கருப்புத் திரையில் கட்டளை அடித்து, ஒளிந்திருந்தவற்றை வெளியே வரச் சொன்னான். கடைசியில் எழுத முடியாத சிடி ஒன்றிலிருந்து ஆன்டிவைரஸை ஓட்டினான். சிடிக்குள் வைரஸ் ஏற முடியாதே. பென்டிரைவுக்குப் பதில் இதை முந்தின நாளே செய்திருக்கலாம்.

ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வந்தன. முகங்கள் வந்தன. தொலைந்தது எதுவும் இல்லை, எல்லாம் ஒளிந்துதான் இருந்தன. சூப்பர்வைசர் அவன் தோளில் தட்டினார். மாலைக்குள் எல்லாருக்கும் பாஸ் அச்சடிக்கச் சொன்னார்.

"வளவனுக்கு மட்டும் வேண்டாம். ரிப்போர்ட் மேல அனுப்பியாச்சு. பழைய பாஸையும் வாங்கி வச்சாச்சு."

அன்று மாலை அவன் வீட்டு வாசலில் வளவனே வந்து நின்றார். போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டிருந்தார், கையில் படக்கூடாது என்பது போல.

"தம்பி, இதுல பூச்சி இருக்குதாமே. என் பொண்ணு இதை வச்சிகினுதான் வெளையாடுது. அதுக்கு எதுனா ஆயிடுமா?"

"அதெல்லாம் ஆளுக்கு ஒண்ணும் பண்ணாதுண்ணா. உக்காருங்க."

"எடுத்து வுட்டுடுப்பா. சுத்தமாயிடுச்சுன்னு சாருகிட்ட நீ ஒரு வார்த்த சொன்னா, பாஸு குடுத்துடுவாரு. வூட்ல இன்னும் சொல்லல."

தமிழ்மொழி டீ கொண்டுவந்து வைத்தாள். அன்புச்செல்வன் போனைப் பையிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் ஒன்றும் இருக்காது என்று அவனுக்குத் தெரியும். சுத்தம் என்று சொன்னால், அப்படியானால் எங்கிருந்து வந்தது என்று சூப்பர்வைசர் கேட்பார். இருக்கிறது என்று சொன்னால் அந்த மனிதர் அதை நம்பி மகளிடமிருந்து போனைப் பிடுங்கிவிடுவார். இரண்டுக்கும் பயமாக இருந்தது.

"உங்க போன்ல இல்லண்ணா. என் பென்டிரைவ்லேருந்து வந்துது."

டீயை எடுத்த வளவன் அதைக் குடிக்காமலே கீழே வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தமிழ்மொழி இன்றைக்கும் சொல்வாள்.

"நாளைக்கி இதை அங்க சொல்லுவியா தம்பி?"

சொல்வதாக அவன் தலையை ஆட்டினான். அவர் போனபின் தமிழ்மொழி அழுதாள். சொல்லாதே என்று அவளும் சொல்லவில்லை.

காலையில் சூப்பர்வைசர் வருவதற்குள், முந்தின நாள் அச்சடிக்காமல் விட்டிருந்த இரண்டு பாஸ்களை அச்சடித்து வைத்தான். அவர் உட்கார்ந்ததும் சொன்னான்.

சண்முகசுந்தரம் கதவைப் பார்த்தார். யாரும் இல்லை. "நீ சொன்னது என் காதுல விழல. போய் வேலையப் பாரு."

"வளவன் அண்ணன் மேல தப்பு இல்ல சார்."

"மேல ஒரு பேரு கேட்டாங்க, குடுத்தாச்சு. கரி அள்ள ஆளு கெடைப்பான். ஒன்னைய அனுப்பிட்டு இந்தப் பொட்டிய வச்சு நான் என்னவே பண்ண?"

அந்த மனிதர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. மோசமானவர் என்றுகூடச் சொல்ல முடியாது. கணக்குத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

அன்புச்செல்வன் இரண்டு பாஸ்களையும் மேசையில் வைத்தான். ஒன்றில் வளவன் முகம், இன்னொன்றில் அவன் முகம்.

"ஒரு பேருதான வேணும் சார். பேர மாத்தி எழுதிக்குங்க. ரெண்டுல ஒண்ணுல கையெழுத்துப் போடுங்க."

மின்விசிறியில் காகிதம் படபடத்தது. அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். வளவன் பாஸில் போட்டார். மற்றதை முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தார்.

அவன் வளவன் பாஸை மட்டும் எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினான். வெளியே போகிறவன் என்பதால் செக்யூரிட்டி ஒன்றும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாப் ஓரமாக வளவன் நின்றிருந்தார். பாஸை வாங்கிக் கையெழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். உள்ளே போகும் கூட்டத்தோடு சேர்ந்து நாலு எட்டு வைத்தவர், திரும்பி நின்றார்.

"நீ வரலியா தம்பி?"

"நீங்க போங்கண்ணா. ஷிப்டுக்கு நேரமாவுது."