இரண்டு புடவை, மூன்று பாவாடை, அவருடைய சட்டை

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமைக்குத் துறையூர்ப் பெருமாள்மலைக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் தெருவில் பதினைந்து பேர். எல்லாரும் பெண்கள். ஸ்ரீரங்கத்தில் வெள்ளிக்கிழமை விடியலில் புறப்பட்டு, கொள்ளிடம் பாலம் தாண்டி, மண்ணச்சநல்லூர் வழியாகப் போய், இடையில் ஒரு கல்யாண மண்டபத்தில் படுத்து எழுந்தால், சனிக்கிழமை மத்தியானம் அடிவாரம் சேரலாம். அந்த வருடம் நானும் பேர் கொடுத்தேன். என் வீட்டுக்காரரின் கால் வலிக்கு நேர்ந்துகொண்டதாகச் சொன்னதால் விட்டார். உண்மையில் நான் திரும்பி வருவதாக இல்லை. துறையூரில் என் தங்கை இருக்கிறாள். அவளுக்குக்கூடச் சொல்லவில்லை. நான் போனில் பேசினால் அவர் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார்.

எங்களைக் கூட்டிப்போகிறவர் தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருக்கும் அம்மா. முதல் நாள் வந்து என்ன உடுத்துவது என்று சொன்னார்.

"காலையில வெயில் காய்ச்சும், சாயங்காலம் மழை கொட்டும். கனமா எதையும் கட்டாதீங்க அக்கா. லேசா ஒரு பாவாடை, மேல மஞ்சப் புடவை, அவ்வளவுதான். தொடை உரசாம இருக்கத் தேங்காயெண்ணெய் தடவிக்குங்க. ஆளுக்கு ஒரு பை. எல்லாத்தையும் லோடு ஆட்டோவில போட்டுடலாம்."

அந்த ஒரு பையில்தான் எனக்குச் சிக்கல். பல வருடம் முன்பு ஒரு முறை இரண்டு புடவையைப் பையில் வைத்துக்கொண்டு முசிறிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாளே அவர் வந்து, பஸ் ஸ்டாண்ட் வரை தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்ததும் என் வலது கையைக் கதவு இடுக்கில் வைத்துச் சாத்தினார். இரண்டு விரல் அன்றிலிருந்து மடங்காது. அதற்குப் பிறகு நான் எங்கே போனாலும் பையைக் கவிழ்த்துப் பார்ப்பார். வியாழக்கிழமை சாயங்காலமும் கவிழ்த்துப் பார்த்தார். துண்டு, அவல் பொட்டலம், எண்ணெய் பாட்டில். எண்ணெய் பாட்டிலைக்கூடத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

அதனால் கொண்டுபோக வேண்டியதை எல்லாம் உடம்பில் போட்டுக்கொண்டேன். விடிவதற்கு முன் குளியலறையில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பட்டு கனம், விட்டுவிட்டேன். சாட்டின் பாவாடை சூடு, அதையும் விட்டேன். பருத்திப் பாவாடை மூன்று, ஒன்றன்மேல் ஒன்று. பச்சைச் சுங்குடிப் புடவையை மடித்து இடுப்பைச் சுற்றிச் செருகினேன். ரவிக்கை இரண்டு, பெரியது மேலே. எல்லாவற்றுக்கும் மேல் மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த புடவை. ஆதார் கார்டை இரண்டு ரவிக்கைக்கும் நடுவில் வைத்தேன். விரல் மடங்காததால் பாவாடை நாடாவைச் சுருக்கு வைத்துக் கட்ட வரவில்லை. அவிழ்ந்து விழுந்துவிடுமோ என்ற பயத்தில் இறுக்கி இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

கைதான் மிச்சம். சாம்பாரில் புளி தூக்கல் என்று புதன்கிழமை இஸ்திரிப் பெட்டி ஒயரால் அடித்திருந்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீலம் நீலமாகத் தடித்திருந்தது. அதைப் பதினாலு பேர் பார்ப்பதை நினைத்தாலே கூசியது. கொடியில் அவருடைய முழுக்கைச் சட்டை காய்ந்தது. நடவுக்கும் சித்தாள் வேலைக்கும் போகிறவர்கள் புடவைமேல் ஆம்பளைச் சட்டை போடுவது வழக்கம்தானே, யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் என்று எடுத்து மாட்டிக்கொண்டேன். அது நான் செய்த தப்பு.

பாலம் தாண்டும்போதே வேர்த்து ஊற்றியது.

"என்னக்கா, ஒரே ராத்திரியில இப்படிப் பெருத்துட்டீங்க?" என்றாள் ஒருத்தி.

"வீட்டுக்காரரை விட்டுட்டு வர மனசில்லாம சட்டையையாவது போட்டுக்கிட்டு வர்றாங்கடி" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மண்ணச்சநல்லூர் தாண்டி ஒரு வாய்க்கால் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தபோது மொபெட் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

"என் சட்டையை எவடி எடுக்கச் சொன்னா? ஐப்பசியில கல்யாணத்துக்குப் போட வெச்சிருக்கேன், நீ பாட்டுக்கு மாட்டிக்கிட்டுப் போற?"

காலரைப் பிடித்து இழுத்தார். பொத்தான்கள் தெறித்தன. கை இரண்டும் வெளியே வந்தன. இழுத்த இழுப்பில் மஞ்சள் புடவையின் கொசுவமும் கழன்று, உள்ளே பச்சைக் கரை தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"எத்தனைடி கட்டியிருக்க?"

எட்டி உதைத்தார். சரளைமேல் விழுந்தேன். இடுப்பில் மறுபடி மறுபடி உதைத்தார். அத்தனை துணிக்கு அடியில் இருந்ததால் தலையணையை அடிக்கிற மாதிரி சத்தம் வந்தது, வலி பாதிதான் வந்தது. அது அவருக்கும் தெரிந்திருக்கும். செருப்பைக் கழற்றி முகத்தில் அடித்தார்.

இரண்டாவது அடி விழவில்லை. இட்லிக்கடை அம்மா குடைக்கம்பால் அவர் மணிக்கட்டில் ஒன்று போட்டார். அடுத்தது வாயில். அதற்குள் மற்றவர்களும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கோவிந்தா போட்டுக்கொண்டு வந்த அதே வாயால் என்னென்னவோ சொல்லித் திட்டிக்கொண்டே அடித்தார்கள். ஒருத்தி வண்டிச் சாவியை உருவி வாய்க்காலில் வீசினாள். அவர் பல்லெல்லாம் ரத்தம். நாற்பது வருடம் சோறு போட்ட எனக்குப் பாவம் என்று தோன்றவில்லை. தோன்றாதது எனக்கே பயமாக இருந்தது.

இட்லிக்கடை அம்மா சட்டையைப் பொறுக்கி கீழே உட்கார்ந்துவிட்ட அவர் மடியில் போட்டார். "இந்தாங்க, போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போங்க."

பிறகு என்னிடம் வந்து, "எந்தப் பக்கம் அக்கா?" என்று கேட்டார்.

"துறையூர்ல தங்கச்சி இருக்கா" என்றேன்.

"அப்ப கண்ணைத் துடைச்சிட்டு நடங்க."

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மஞ்சள் கரைந்து பச்சையில் இறங்கியது. துணி எல்லாம் கல்லாகக் கனத்தது. முடிச்சுகள் நனைந்து, ஊறி, இடுப்பை அறுத்தன. மண்டபத்தில் அவிழ்த்துப் பார்க்க வெட்கம், உட்கார்ந்தே தூங்கினேன். மறுநாள் மலை ஏற முடியவில்லை, அடிவாரத்திலேயே கும்பிட்டேன். மற்றவர்கள் ஏறினார்கள். இட்லிக்கடை அம்மா மட்டும் ஏறாமல், ஆட்டோ பிடித்து என்னைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்.

தங்கை என்னைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனாள். கதவைச் சாத்திவிட்டு என் துணியை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். நாடா முடிச்சு அவள் கைக்கும் அவிழவில்லை. "இரு, அறுத்துடறேன்" என்று காய் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள். கத்தி கிட்டே வந்ததும் என் கை தானாக முகத்துக்குமேல் போய்விட்டது.

அவள் அதைப் பார்த்தாள். கத்தியைக் கொல்லைப் பக்கம் வீசி எறிந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, என் இடுப்புப் பக்கம் குனிந்து, பல்லால் கடித்து இழுக்க ஆரம்பித்தாள். முதல் முடிச்சு விட்டது. இரண்டாவதும் விட்டது. நான் கையை இறக்கவில்லை.

"யாராவது இப்படி முடிச்சுப் போடுவாங்களா அக்கா?" என்றாள், நாடாவை வாயில் வைத்துக்கொண்டே.