எந்தக் கோயிலுக்கு மொட்டை?

எங்கள் திருவண்ணாமலையில் ஒரு வசதி உண்டு. மொட்டைத் தலையைப் பார்த்தால் யாருக்கும் நோய் நினைவுக்கு வராது, வேண்டுதல்தான் நினைவுக்கு வரும். எட்டு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய் மருந்தால் முடி கொட்டியபோது, அந்த வசதியை நான் கூச்சமில்லாமல் பயன்படுத்திக்கொண்டேன்.

முதலில் கேட்டவர், ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் எதிர்வீட்டு அக்கா. "பாப்பாவுக்கு மொட்டை போட்டுட்டீங்களா? எந்தக் கோயில்ல?"

"நம்ம அண்ணாமலையாருக்குத்தான்க்கா" என்றேன், ஒரு நொடிகூட யோசிக்காமல். பெண் பிள்ளை, நாளைக்கு நாலு பேச்சு வரும் என்ற பயம். என் கையைப் பிடித்து நின்ற மகள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவளும் தலையாட்டினாள். அக்கா உள்ளே ஓடிப்போய்ச் சந்தனம் குழைத்து வந்து அவள் தலையில் பூசிவிட்டார்.

அன்றிலிருந்து அந்தப் பொய்யை அவள்தான் சுமந்தாள். சென்னையில் ஊசி போட்டுக்கொண்டு, பஸ்ஸில் வாந்தி எடுத்தபடி வரும்போதுகூட, யாராவது கேட்டால் "சாமிக்குக் குடுத்துட்டேன்" என்பாள். கெட்டிக்காரி என்று மெச்சிக்கொண்டேன். இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

இரண்டரை வருடம் கழித்து மருந்தை நிறுத்தினார்கள். முடி தோள்வரை வளர்ந்திருந்தது. மறுநாள் காலை தலை வாரிவிடும்போது அவள் சொன்னாள்:

"அம்மா, இந்த முடிய நெஜமாவே சாமிக்குக் குடுத்துடலாம். அப்பதான் நீ சொன்னது பொய்யாவாது."

சீப்பு பாதியில் நின்றுவிட்டது. நோயோடு மல்லுக்கட்டிய பிள்ளை, என் மானத்தையும் சேர்த்தல்லவா காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்! சாமிக்கு நன்றி சொல்லவேண்டிய நாளில் எனக்கு அவளுக்குத்தான் சொல்லத் தோன்றியது. வெட்கத்தில் அதுவும் வாயில் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய், முடி எடுக்கும் இடத்தில் அவளுக்குப் பதிலாக நான் உட்கார்ந்தேன்.

"பூமுடிதானேம்மா? ரெண்டு கத்திரி வெச்சா போதும்" என்றார் முடி எடுப்பவர்.

"இல்லைங்க, முழுசா எடுத்துடுங்க."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வீட்டெதிரே ஆட்டோவை விட்டு இறங்கியதும் அக்கா பார்த்துவிட்டார். "அய்யோ, நீங்களா! என்ன வேண்டுதல்?"

மகள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அவள் தோளைத் தொட்டு நிறுத்தினேன்.

"வேண்டுதல் இல்லக்கா. அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன். பாப்பாவுக்குக் கேன்சர் இருந்துது. இப்ப சரியாயிடுச்சு."

அக்கா உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. மகள் அதை வாங்கி, என் தலையில் அவளே பூசினாள்.

"எரியுதாம்மா?" என்று கேட்டாள்.

அன்று அவள் தலையில் பூசியபோது நான் அதைக் கேட்கவில்லை.