மருந்து எலிகளுக்குப் பாதித் தீவனம்

ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பராமரித்தவரை நாங்கள் எலி அண்ணன் என்போம். அவர் கோபித்துக்கொண்டதில்லை, கோபித்துக்கொள்ள வேண்டியது எலிகள்தான் என்பார். நான் அங்கே கூண்டு கழுவுகிறவள். அவரைப்போல் ஒழுங்கான வேலைக்காரரை நான் பார்த்ததில்லை.

அவர் மகளுக்குப் பிறவியிலேயே இரத்தத்தில் கொலஸ்ட்ரால் எக்கச்சக்கம். முழங்கையில் மஞ்சள் மஞ்சளாகக் கட்டிகள். பள்ளிக்கூட வயதிலேயே நெஞ்சுவலி. இருந்த மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று.

அப்போதுதான் எங்கள் கூடத்துக்குப் புது மருந்து வந்தது. உயிரணுவின் உட்கருவில் ஏற்பி என்றொரு புரதம் இருக்கிறது. கொலஸ்ட்ரால் மிஞ்சினால் அதை உணர்ந்து, வெளியேற்றும் மரபணுக்களை முடுக்கிவிடும். இந்த மருந்து அந்த ஏற்பியைத் தட்டி எழுப்பும். கொழுப்புத் தீவனம் தின்ற எலிகளின் இரத்தக்குழாய்கள்கூடச் சுத்தமாயின. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "இன்னும் கொஞ்ச நாள்தான் கண்ணு, மருந்து வந்துடும்" என்று மகளிடம் சொல்லியும் விட்டார்.

ஆனால் அதே ஏற்பி, கொழுப்பைத் தயாரிக்கச் சொல்லிக் கல்லீரலையும் தூண்டும். சில எலிகளின் கல்லீரல் வெளுத்து வீங்கியிருந்தது. இப்படியே போனால் மருந்தை நிறுத்த வேண்டியதுதான் என்று ஆராய்ச்சி செய்யும் மேடம் சொன்னது அண்ணன் காதில் விழுந்தது. பாவி மனிதர், மருந்து எலிகளுக்கு மட்டும் யாருக்கும் தெரியாமல் தீவனத்தைப் பாதியாக்கிவிட்டார். கொழுப்புத் தீனி குறைந்து கல்லீரல் தேறினால் மருந்தும் தேறிவிடும் என்ற நப்பாசை.

எலிகளின் எடை ஏன் இறங்கியது என்று மேடம் கேட்டபோது அண்ணனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. சோதனையே செல்லாமல் போய், அத்தனை பேருடைய உழைப்பும் குப்பைக்குப் போயிற்று. ஆத்திரத்தில் நான் அவரோடு பேசுவதையே விட்டுவிட்டேன்.

வேறு ஆளை வைத்து முதலிலிருந்து தொடங்கினார்கள். அது முடிவதற்கும் மகள் போவதற்கும் சரியாக இருந்தது.

துக்கம் கேட்கப் போனோம். அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டு, "நான்தான் கெடுத்தேன். ஒழுங்கா தீவனம் போட்டிருந்தா மருந்து வந்திருக்கும்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மேடம் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க காரணம் இல்லண்ணா. இந்தத் தடவையும் கல்லீரல் அப்படியேதான் வீங்குச்சு. மருந்தை நிறுத்திட்டோம். நீங்க ஒண்ணும் பண்ணாம இருந்திருந்தாலும் அது வந்திருக்காது."

ஆறுதலாகத்தான் சொன்னார். அண்ணன் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"என் தப்பாவே இருந்திருக்கக் கூடாதாம்மா? அவ பிழைக்க ஒரு வழியாவது இருந்துச்சுன்னு ஆகியிருக்குமே."