கண்ணை மூடிய பிறகு

நேற்று நன்னிலம் பஸ் ஸ்டாண்டில் ஓர் ஆட்டோ, இலவசக் கண் முகாம் என்று மைக்கில் கத்திக்கொண்டே போனது. எனக்கோ டிங்சர் வாசனை அடித்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு அத்தையைப் படுக்கவைத்தபோது அடித்த அதே வாசனை.

அத்தை, அப்பாவின் அக்கா. பிறந்ததிலிருந்தே இரண்டு கண்ணிலும் பூ. கூலி உயர்வு கேட்டு அறுப்புக்குப் போகாமல் நின்றவர்களோடு அப்பாவையும் அப்போது போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. "எந் தம்பி ஜெயில்லேந்து வர்றப்ப அவன் மூஞ்சியப் பாக்கணும்" என்றுதான் அத்தை ஆபரேஷனுக்கே ஒத்துக்கொண்டாள்.

கட்டவிழ்த்த பிறகுதான் வேடிக்கை. வரப்பில் விழும் தென்னை நிழலைப் பள்ளம் என்று நினைத்துத் தாண்டுவாள்.

"என்ன அண்ணி, இன்னைக்கு எத்தன நெழலத் தாண்டுனீங்க?" என்பாள் அம்மா.

"சிரிடி. கண்ணு ஒண்ணு சொல்லுது, காலு ஒண்ணு சொல்லுது. ரெண்டுக்கும் நடுவுல நான்ல கெடந்து தவிக்கிறேன்!"

அப்பா வந்து தாடியோடு வாசலில் நின்றார். அத்தை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருங்க வேணும்?"

"அக்கா..."

சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய பிறகுதான் அழுதாள். அதன்பின் அப்பாவோடு எப்போது பேசினாலும் அப்படித்தான்.

"தொறந்து பாரேன்க்கா. இதுக்குத்தானே ஆபரேஷன் பண்ணிக்கிட்ட?"

"மெதுவாப் பழகிக்கிறேன்டா. மூஞ்சி எங்க போயிடப் போவுது?"

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். எதற்கெடுத்தாலும் கை தூக்குவேன். பிறவியிலேயே பார்வையில்லாதவனுக்குப் பார்வை வந்தால், தொட்டு மட்டுமே அறிந்த பந்தையும் பெட்டியையும் பார்த்தே இனம் காண்பானா என்று தத்துவப் பேராசிரியர் கேட்டார். "மாட்டாங்க சார். எங்க அத்தையாலயே முடியல" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும்தான். பரீட்சையில் அதை நான்கு பக்கம் எழுதினேன், நல்ல மார்க்.

அந்த வருஷமே அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வயலில் விழுந்தார். எடுப்பதற்கு முன், "மொகம் பாக்குறவங்க பாத்துக்குங்க" என்று குரல் கொடுத்தார்கள். அத்தையைக் கூட்டி வந்தேன். தாடை கட்டி, நெற்றியில் காசு வைத்த முகம். வெகுநேரம் பார்த்தாள்.

"தம்பிதானாடா?"

"ஆமா அத்தை."

கண்ணை மூடிக்கொண்டாள். காத்திருந்தாள்.

"அவன ஒரு தரம் கூப்புடச் சொல்லுடா."

அத்தையும் போய்விட்டாள். அப்பாவின் படம் வீட்டில் இருக்கிறது, முகம் மறக்கவில்லை. ஆட்டோ சத்தம் ஓய்ந்ததும் பஸ் ஸ்டாண்டிலேயே கண்ணை மூடி நின்று பார்த்தேன். கண்டக்டர்கள் கூவுவது கேட்டது. அப்பா குரலில் அந்த "அக்கா" மட்டும் வரவில்லை.