அரண்மனை மைதானத்தில் எங்கள் ராணி

குதிரை வைத்திருந்த குடும்பம் என்றதும் ஏதோ ஜமீன் வீட்டுப் பெண் பேசுகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். கந்தர்வக்கோட்டைப் பக்கம் கடலையும் வரகும் விதைத்துவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த வீடுதான் எங்களுடையது. குதிரை தானாக எங்களைத் தேடி வந்தது. வடக்கேயிருந்து குதிரைகளை ஓட்டிக்கொண்டு வந்த வியாபாரி ஒருவன், நடக்க மாட்டாமல் போன சினைக்குதிரை ஒன்றை எங்கள் மாட்டுக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனான். அது குட்டியைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிவிட்டது. அந்தக் குட்டிக்குப் பசும்பால் புகட்டி ஆளாக்கியவர் என் சித்தப்பா.

ராணி என்று பெயர் வைத்ததும் அவர்தான். செவலை நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, மற்றபடி உடம்பெல்லாம் குறும்பு. என் வயதுப் பெண்கள் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தபோது நான் களத்துமேட்டில் ராணியின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. யாராவது என்னோடு வம்புக்கு வந்தால், "ஒங்க வீட்ல குதிரை இருக்கா?" என்று ஒரு கேள்விதான் கேட்பேன். 

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது புதுக்கோட்டையிலிருந்து ஒரு செய்தி வந்தது. அப்போது அது ராஜாவின் சமஸ்தானம். அரண்மனை மைதானத்தில் குதிரைப் பந்தயம் வைக்கப்போகிறார்களாம். ஓட்டப் பந்தயம் அல்ல. குதிரையை நயமாக நடத்திக் காட்டுவது ஒரு பகுதி, வேலி தாண்டுவது இன்னொரு பகுதி. எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் கேள்விப்படாத சங்கதி. சொந்தக் குதிரையோடு வந்து இரண்டையும் முழுசாக முடிக்கிறவனை சமஸ்தானத்துக் குதிரைப்படையில் எடுத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார்கள். ஆளும் குதிரையும் அங்கே லாயத்திலேயே தங்கிவிட வேண்டியது.

சித்தப்பாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. சின்ன வயதில் புதுக்கோட்டைத் தசராவுக்குப் போனபோது தலைப்பாகையும் ஈட்டியுமாக அந்தப் படை போவதைப் பார்த்திருக்கிறார். அதிலிருந்தே அவருக்கு அந்த ஆசை. தாயில்லாத பிள்ளையாக அவரை வளர்த்தது என் அம்மா. அவருடைய ஆசை என்னவென்று அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும், ஆனால் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். "கடலைக்காட்டுக் குதிரை அரமணையில போயி என்னத்தக் கிழிக்கப் போகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு, ராணிக்குக் கொள்ளு கூடுதலாக ஊற வைக்கச் சொன்னார்.

சித்தப்பா ராணியைப் பழக்கினதைப் பார்த்திருக்க வேண்டும். களத்தில் வைக்கோற்போரைச் சுற்றி நடத்துவார். ஒரு சுற்று இந்தப் பக்கம், ஒரு சுற்று அந்தப் பக்கம். முந்திரித் தோப்பு வேலியைத் தாண்ட வைப்பார். வாய்க்கால், வரப்பு, சாய்ந்து கிடந்த பனைமரம் எல்லாவற்றையும் ராணி விளையாட்டாகத் தாண்டும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அது நிற்கும். கண்மாய்க் கரையில் அய்யனார் கோயில். அய்யனாரே குதிரையேறி ஊர்க்காவல் போகிறவர். அவர் முன்னால் மனுசன் குதிரைமேல் உட்கார்ந்துகொண்டு போவது அடுக்குமா? எங்கள் ஊரில் வண்டியில் போகிறவர்கள்கூட அங்கே இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நடந்துதான் கடப்பார்கள். சித்தப்பாவும் தினமும் இறங்குவார். கோயில் மதிலில் வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடித்திருக்கும். அந்தப் பட்டை கண்ணில் பட்டதும் ராணி தானாக நின்று, தலையைத் தாழ்த்திக்கொள்ளும். அவர் இறங்கி அதைக் கையில் பிடித்து நடத்திக் கடந்து, மறுபடி ஏறிய பிறகுதான் பறக்கும். ஒரு நாளும் அடித்துப் பழக்கியதில்லை, தட்டிக்கொடுத்தே பழக்கினார். எங்க குதிரைக்கும் சாமி பயம் உண்டு என்று ஊரெல்லாம் அவர் பெருமையடிக்க, அவரைவிட நான் கூடுதலாக அடித்துக்கொண்டேன்.

பந்தயத்துக்கு என்னைக் கூட்டிப்போக அப்பாவுக்கு மனசே இல்லை. நான் வராவிட்டால் ராணி தண்ணீர் குடிக்காது என்று அழுது புரண்டு, ஒரு வழியாக மாட்டுவண்டியில் ஏறிவிட்டேன். அப்பா ஒரு நிபந்தனை போட்டார். அரண்மனை மனுசர்கள் காதில் விழும்படி ராணி என்று கூப்பிடக் கூடாதாம், வம்பாகிவிடுமாம். அதனால் அங்கே அதற்குப் பெயர் லட்சுமி. நானும் தலையை ஆட்டி வைத்தேன்.

மைதானத்தைப் பார்த்ததும் எதை முதலில் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இங்கிட்டு ஒரு பந்தல், அங்கிட்டு ஒரு கூடாரம், பேண்டு வாத்தியம், பட்டுப் போல மினுங்கும் பெரிய பெரிய குதிரைகள். எங்கள் ராணி அவற்றின் தோளுக்குத்தான் வந்தது. சித்தப்பா காலில் பட்டாளத்துக்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கிய பூட்ஸ். ஒருவர் தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு விதிகளைச் சொன்னார். ஒரே வேலிக்கு முன்னால் மூன்று தடவை நின்றுவிட்டால் தோல்வி. நடுவில் குதிரையை விட்டு இறங்கினால் அப்போதே தோல்வி. சிவப்புக் கொடி ஆட்டினால் வெளியே வந்துவிட வேண்டும். இதெல்லாம் பிற்பாடு அப்பா சொல்லித் தெரிந்துகொண்டதுதான். அந்த நேரத்தில் என் கவனமெல்லாம் வாயிலிருந்த கடலைமிட்டாயில் இருந்தது.

முதல் பகுதியில் குதிரை மெல்ல நடக்க வேண்டும், பிறகு துள்ளுநடை, வட்டம், எட்டுப் போலச் சுற்றுவது, கடைசியில் கூடாரத்துக்கு முன்னால் அசையாமல் நிற்க வேண்டும். பெரிய குதிரைகள் எல்லாம் பேண்டுச் சத்தத்தில் மிரண்டு காலை மாற்றி மாற்றி வைத்தன. ராணியோ வைக்கோற்போரைச் சுற்றுகிற நினைப்பில் வட்டம் போட்டது. நிற்கச் சொன்ன இடத்தில் நின்றது பாருங்கள், வாலைக்கூட ஆட்டவில்லை. பந்தலில் கைதட்டினார்கள். அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. எனக்கோ கால் தரையில் பாவவில்லை.

அடுத்தது வேலி தாண்டுவது. மொத்தம் நாலு தடை. கடைசி மூன்றும் முள்வேலி, தண்ணீர்ப் பள்ளம், மண்சுவர். எங்கள் ராணிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? முதலாவதுதான் புதுசு. இரண்டு கம்பங்களுக்கு நடுவில் குறுக்கே மூங்கில் கழிகள். பளிச்சென்று தெரியட்டும் என்று அவற்றுக்கு வெள்ளையும் சிவப்புமாக மாறி மாறிப் பட்டை அடித்திருந்தார்கள்.

ராணி நல்ல வேகத்தில்தான் வந்தது. கழிக்குப் பக்கத்தில் வந்ததும் சட்டென்று நின்று, தலையைத் தாழ்த்திக்கொண்டது. சித்தப்பா அதன் கழுத்தில் சாயாத குறை. கூட்டம் சிரித்தது. அவர் திருப்பிக்கொண்டு போய் மறுபடி வந்தார். மறுபடியும் அதேபோல நின்று, அதேபோலத் தலையைத் தாழ்த்தியது. அப்போதுதான் எனக்கும் விளங்கியது. "அது கோயில் இல்ல ராணி! தாண்டு ராணி!" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டேன். அரண்மனைப் பெண்கள் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அப்பா என் வாயைப் பொத்தினார்.

"சாத்துய்யா ரெண்டு! பெறம்பு கையில எதுக்கு இருக்கு?" என்று கூட்டத்திலிருந்து சத்தம் வந்தது. பந்தயத்தில் இறங்கிய எல்லோர் கையிலும் ஒரு பிரம்பு கொடுத்திருந்தார்கள். சித்தப்பா அதைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். ராணி காதை மட்டும் பின்னால் திருப்பி, எப்போதும் போல அவர் இறங்குவதற்காகக் காத்துக்கொண்டு நின்றது. அவர் பிரம்பைக் கீழே போட்டார். இறங்கினார். கழியை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ராணியைக் கையில் பிடித்துக் கம்பத்தின் ஓரமாக நடத்திக் கடந்து, அந்தப் பக்கம் போய் ஏறிக்கொண்டார்.

யாரோ சிவப்புக் கொடியை ஆட்டினார்கள். சித்தப்பா திரும்பியே பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்ததும் ராணி பறந்தது ஐயா, பறந்தது! முள்வேலி, பள்ளம், மண்சுவர், எதிலும் குளம்பு படவில்லை. மண்சுவருக்கும் அதன் காலுக்கும் நடுவில் முழு ஆள் உயரத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. சிரித்த கூட்டம் எழுந்து நின்று விசிலடித்தது. பந்தலே ஆரவாரித்தது. கொடி ஆட்டினவர் இன்னும் வேகமாக ஆட்டினார். எங்கள் ராணிக்காக ஆட்டுகிறார் என்று நினைத்து நானும் என் பாவாடை நுனியைப் பிடித்து ஆட்டினேன். வாழ்நாளில் அதற்கப்புறம் எத்தனையோ நல்லது பார்த்துவிட்டேன், அன்றைக்கு வந்த பெருமை மாதிரி இன்னொன்று வந்ததில்லை.

திரும்பும் வழியில் அப்பா வண்டியை ஓட்டினார். வண்டிக்குப் பக்கத்தில் சித்தப்பா ராணியைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். கடைசியில் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு அடி அடிச்சிருந்தா தாண்டியிருக்கும்லடா?"

"தாண்டியிருக்கும்ணே. அந்த மாதிரி இடத்துல நிக்கணும்னு நான்தானே பழக்கினேன். சொன்னபடி கேட்டதுக்கு எப்புடிண்ணே அடிக்கிறது?"

அப்பா மாட்டை அதட்டி ஓட்டினார். பெரியவர்கள் ஏதோ பேசிக்கொள்கிறார்கள் என்று நான் விட்டுவிட்டேன். எனக்கு வேறு வேலை இருந்தது. எதிரே வந்த வண்டிக்காரர்களையெல்லாம் நிறுத்தி, எங்க குதிரை அரமணையில ஜெயிச்சுட்டு வருது என்று சொல்லிக்கொண்டு வந்தேன். சித்தப்பா அதை மறுத்துச் சொல்லவே இல்லை. எனக்கு உள்ளூர ஒரே ஒரு பயம்தான் இருந்தது, ராணியை லாயத்திலேயே கட்டிப்போட்டுவிடுவார்களோ என்று. அதுவும் எங்களோடு திரும்பி வந்துகொண்டிருக்கிறதே, இனி என்ன குறை?

ஊர் எல்லையிலேயே வண்டியிலிருந்து குதித்து, தெரு அதிரக் கத்திக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன். அம்மா போட்டது போட்டபடி எழுந்து, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆலத்தித் தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டாள். சித்தப்பாவையும் ராணியையும் சேர்த்து நிறுத்தி, தட்டைச் சுற்ற ஆரம்பித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"என்னைக்குத் தம்பி வந்து சேரச் சொல்லியிருக்காங்க? துணிமணியெல்லாம் எடுத்து வைக்கணும்ல?"

சித்தப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"சித்தப்பா எங்கயும் போகலம்மா! ராணியும் இங்கதான் இருக்கும்!"

அதைவிட நல்ல சேதி உலகத்தில் உண்டா? அம்மாவின் கையிலிருந்த தட்டு பாதிச் சுற்றில் நின்றது. அப்பாவைப் பார்த்தாள். அவர் மாட்டை அவிழ்க்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆத்தா சொல்றது சரிதான் மதினி" என்று என் தலையில் கை வைத்தார் சித்தப்பா.

அம்மா விட்ட இடத்திலிருந்து சுற்றி, மூன்று சுற்றையும் குறையில்லாமல் முடித்தாள். ராணியின் நெற்றியில் பொட்டு வைத்தாள், சித்தப்பாவுக்கும் வைத்தாள். வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெயித்துவிட்டு வந்து வாசலில் நிற்கிறோம், இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.