சிவக்கும் அந்தோனியார்

வெள்ளவத்தை சிக்னலில் இன்று சூடான எஞ்சின் ஒயில் வாசம் மூக்கில் ஏற, இப்போது மாடிவீடுகள் நிற்கும் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் அன்றிருந்த பாறூக் நானாவின் கராஜுக்கே நினைவில் போய்விட்டேன்.

எங்களுக்குச் சோறு போட்ட அப்பாவின் கிழட்டு ஸ்கூல் வேனில், சூடேறி நிற்கும்போதெல்லாம் டாஷ்போர்டில் ஒயில் குறைவென்று எச்சரிக்கும் லைட் சிவப்பாக மினுங்கும். அப்பா அதன்மேல் அந்தோனியார் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார். முகம் சிவக்கும் புனிதரைப் பிள்ளைகள் கும்பிட்டார்கள்.

“சூசை, மொதல்ல இவர எறக்குவம்,” என்று அப்பாவிடம் ஸ்டிக்கரைக் காட்டிச் சிரித்த நானா, ஒயில் சென்சரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒயில் அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜைப் பூட்டினார். முள் விழுந்தால் எஞ்சின் முடிந்தது, எங்கள் பிழைப்பும். எஞ்சின் நன்றாகச் சூடேறியும் முள் விழவில்லை.

“எஞ்சின் சோக்கா ஈக்கிது. சென்சர்தான் பொய் சொல்லீக்கி.”

புதுச் சென்சர் வந்தபின், திரும்ப ஒட்டிய அந்தோனியார் சிவக்கவேயில்லை. கவலைப்பட்ட பிள்ளைகளிடம், “நீங்க குழப்படி செஞ்சாத்தான் அவர் சிவப்பார்,” என்றேன்.

மறுநாள் வேன் முழுக்கக் குழப்படி. எஞ்சின் மட்டும் ஒழுங்காக ஓடியது.